தலைசாய்க்க ஓர் இடம்: குமரிக் கடற்கரையிலிருந்து அயல் நகரங்களுக்கு

அயல்நாட்டுப் பெருநகரம் ஒன்றில் தங்க அறை தேடுகிறவர் இன்று மூன்று தகுதிகளை ஒருசேர எதிர்பார்க்கிறார்: இடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும், வாடகை கைக்கு அடங்க வேண்டும், ஊரின் நடுவில் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒரே காலத்தில் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் மிகப் பெரும்பகுதியில் பயணி தம் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கவே இல்லை என்பதும், அவருடைய சாதி, தொழில், ஊர், சமயம், முதலாளி ஆகியவற்றுள் ஏதோ ஒன்று அவருக்காக அதை முன்னரே முடிவு செய்து வைத்திருந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே அமைந்த இனயம் போன்ற ஒரு மீனவ ஊரிலிருந்து பார்க்கும்போது இந்த உண்மை மேலும் துலக்கமாகத் தெரிகிறது. ஏனெனில் அரசர்களும் செல்வர்களும் பயணிகளுக்கென எழுப்பிய கட்டடங்களில் இவ்வூரார்க்கு இடம் இருக்கவில்லை, அவர்கள் தங்களுக்கான ஏற்பாட்டைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

நாஞ்சில் நாடு உள்ளிட்ட இன்றைய குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணையும்வரை திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. அந்த அரசு வழிப்போக்கருக்கென மூன்று வகையான அமைப்புகளைப் பேணியது. முதலாவது ஊட்டுப்புரை, கோயில்களையும் பெருவழிகளையும் ஒட்டி அரசுச் செலவில் நடத்தப்பட்ட இச்சாலைகளில் பிராமணப் பயணிகளுக்கு விலையின்றி உணவளிக்கப்பட்டது. இரண்டாவது வழியம்பலம், சாலையோரத்தில் கல்தூண்களும் கூரையும் கொண்டு, பெரும்பாலும் சுவர்கள் இன்றியே நின்ற இம்மண்டபத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், இரவு படுக்கலாம், ஆனால் உணவும் காவலும் பயணியின் சொந்தப் பொறுப்பு. மூன்றாவது சுமைதாங்கி; தலைச்சுமையை இறக்கி வைக்கவும் பிறர் உதவியின்றி மீண்டும் தூக்கிக்கொள்ளவும் ஏற்றவாறு ஆளுயரத்தில் நிறுத்தப்பட்ட கற்பலகை இது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகக் குடும்பத்தார் இதை நிறுவுவது தென்தமிழகம் முழுவதிலும் வழக்கமாக இருந்தது.

கடற்கரை மக்களுக்கு இம்மூன்றனுள் உண்மையில் பயன்பட்டது மூன்றாவது மட்டுமே எனலாம். இனயத்தில் பெரும்பான்மையாக வாழும் முக்குவர் என்ற மீனவச் சமூகத்தார், 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் இக்கரையில் ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குத் திருமுழுக்களித்த காலம் தொட்டுக் கத்தோலிக்கர். கடவம் என்ற பெரிய கூடையில் மீனைத் தலைமேல் சுமந்துகொண்டு கருங்கல் போன்ற உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்த பெண்கள் சுமைதாங்கியில் கடவத்தை இறக்கி இளைப்பாறினர். ஊட்டுப்புரையின் வாசல் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. வழியம்பலத்துக்குச் செல்லும் சாலையே சில சாதியாருக்கு மறுக்கப்பட்ட நாட்டில், அந்த மண்டபத்தின் தூண்கள் எத்தனை அழகானவை என்ற ஆராய்ச்சி பாதி உண்மையை மட்டுமே சொல்லும். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டமும் அதைத் தொடர்ந்து நாஞ்சில் நாட்டிலேயே நிகழ்ந்த சுசீந்திரம் போராட்டமும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமையைக் கேட்டவை என்பதை நினைவிற்கொண்டால், தெருவில் நடப்பதே வழக்குக்குரியதாக இருந்த காலத்தில் தெருவோரத்தில் படுத்துறங்குவது எத்தகைய துணிவைக் கோரியிருக்கும் என்பது விளங்கும். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்றே வெளிவந்தது.

தமிழகத்தின் பிற பகுதிகளில் நிலைமை முற்றிலும் இவ்வாறே இருந்தது என்று பொதுமைப்படுத்த முடியாது. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் இன்றும் புகைவண்டி நிலையத்தின் எதிரே சத்திரம் இருக்கிறது. 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய அவர் சாலைகளையும் அவற்றையொட்டிய சத்திரங்களையும் ஒரே திட்டமாகக் கருதினார். தஞ்சை மராட்டியர் இராமேசுவரம் செல்லும் வழியில் அமைத்த சத்திரங்கள் இன்னும் விரிவானவை. அவற்றைக் காப்பாற்றுமாறு இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் பறையர் வரை எல்லாச் சாதிப் பயணிகளுக்கும் அங்கு உணவு தரப்படுவதையும், நோயுற்றவரை மருத்துவர் கவனிப்பதையும், பேறுகாலப் பெண்களும் ஆதரவற்ற குழந்தைகளும் பராமரிக்கப்படுவதையும் விவரிக்கிறார். தம் அறக்கட்டளைகளின் வருவாயை ஆங்கிலேயர் எடுத்துக்கொள்வாரோ என்று அஞ்சிய மன்னர் அவற்றின் சிறப்பை உயர்த்தியே எழுதியிருப்பார் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பாதுகாப்பு என்பதற்குள் மருத்துவத்தையும் அடக்கிய அந்தக் கருத்து இன்றைய விடுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு எட்டாதது.

சத்திரம் எங்கே கட்டப்பட்டது என்பதும் ஒரு செய்தி. பழைய நகரத்தின் நடு கோயில். ஆகவே சத்திரம் கோயிலை ஒட்டி நின்றது. புகைவண்டி வந்தபின் நடு இடம்பெயர்ந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே 1888இல் எழுந்த இராஜா சர் சவலை இராமசாமி முதலியார் சத்திரம் இப்பெயர்ச்சியின் அடையாளம். அறம் செய்ய விரும்பிய செல்வர் கோயில் வீதியை விட்டு நிலைய வாசலைத் தேர்ந்தெடுத்தார். குமரிக்காரருக்கோ இந்த மாற்றம் மிகத் தாமதமாகவே கிட்டியது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை 1979இலும், திருநெல்வேலியிலிருந்து 1981இலும்தான் திறக்கப்பட்டது. அதுவரை இனயத்துக்காரருக்கு மிக அருகான புகைவண்டி வேறொரு நகரத்தில் நின்றது. 1900ஆம் ஆண்டளவில் திருவனந்தபுரமே அவருடைய தலைநகரம், சென்னை மற்றோர் அரசின் பட்டணம். 1956க்குப் பின் ஒரே தலைமுறைக்குள் இந்த உறவு தலைகீழானது. சென்னைக்கு முதன்முறையாகச் சென்ற குமரிக்காரர் அயலூருக்குள் நுழைபவராகவே நுழைந்தார்.

அந்தச் சென்னையிலும் பணம் மட்டும் இருந்தால் அறை கிடைத்துவிடும் என்ற நிலை இருக்கவில்லை. பிராமணரல்லாத மாணவர்க்கு உணவும் உறைவிடமும் கிடைப்பது அரிதாக இருந்ததால் டாக்டர் சி. நடேச முதலியார் 1916இல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். அவரையும் நிறுவனர்களுள் ஒருவராகக் கொண்ட நீதிக்கட்சியின் வரலாற்றை எழுதுவோர் மாநாடுகளையும் அறிக்கைகளையும் விரிவாகப் பேசிவிட்டு இவ்விடுதிக்கு ஒரு வரியை ஒதுக்குவது வழக்கம். ஓர் அரசியல் இயக்கத்தின் வேர்களில் ஒன்று மாணவருக்கு அறை கிடைக்காமையில் இருந்தது என்பது அதைவிடக் கூடுதலான வரிகளுக்கு உரியது. தென்னிந்தியப் புகைவண்டி நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியே பிரிக்கப்பட்டிருந்த பகுதிகள், பெரியாரும் நீதிக்கட்சியினரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் நீக்கப்பட்டன. இதே காலத்தில் அமெரிக்காவிலும் ஏறத்தாழ இத்தகைய சிக்கல் நிலவியது. நியூயார்க்கில் அஞ்சல்காரராக இருந்த விக்டர் கிரீன் என்ற கறுப்பினத்தவர் 1936 முதல் வெளியிட்ட கையேடு, கறுப்பினப் பயணிகளுக்கு இடம் தரும் விடுதிகளையும் வீடுகளையும் ஊர்வாரியாகத் தொகுத்துத் தந்தது; இருட்டியபின் தவறான ஊரில் அகப்பட்டால் உயிருக்கே ஆபத்து என்ற நாட்டில் அது வசதிக்கான நூலாக இருக்கவில்லை.

கடல் கடந்த தமிழர் தங்களுக்கென உருவாக்கிக்கொண்ட தங்குமிடங்களுள் மிகச் செம்மையானது நகரத்தாரின் கிட்டங்கி. சரக்கறை என்று பொருள்படும் இப்பெயர், பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஒரே கூரையின்கீழ் தொழிலும் செய்து குடியும் இருந்த நீண்ட கட்டடத்தைக் குறித்தது. சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் பினாங்கில் பினாங்குத் தெருவிலும் இவை வரிசையாக நின்றன. கீழ்த்தளக் கூடத்தின் இருமருங்கிலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சில அடி இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே தரையோடு ஒட்டிய சாய்வு மேசைப்பெட்டி, அதன் பின்னே இரும்புப்பெட்டி, சுவரோரம் கணக்கேடுகள். பெட்டியடி எனப்பட்ட இவ்விடத்தில் பகலில் கடன் கேட்டு வருவோருடன் பேச்சு நடந்தது. இரவில் பாய் விரிக்கப்பட்டது. சமையல் பொதுவானது, செலவு பங்கிடப்பட்டது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்ற படிநிலை ஊரில் நிலவிய ஒழுங்கையே கடல்கடந்தும் நிறுத்தியது. முகவராகச் சென்றவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குக் குடும்பத்தை விட்டுவிட்டுச் சென்றார்.

கிட்டங்கியின் இருப்பிடம் தற்செயலானதன்று. சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு வங்கிகளும் வணிக இல்லங்களும் நிறைந்த ராஃபிள்ஸ் சதுக்கத்துக்கு அடுத்தது. நகரிலேயே விலை மிகுந்த நிலப்பகுதி அது. தனியாக எந்த முகவரும் அங்கே அறை எடுத்திருக்க இயலாது. பத்துப் பதினைந்து நிறுவனங்கள் ஒரு கூடத்தைப் பங்கிட்டதால் நடு ஊரில் இருப்பதும் செலவைக் குறைப்பதும் ஒருங்கே கைகூடின. களவு அச்சமும் குறைவு, ஏனெனில் கூடத்தில் உறங்கிய ஒவ்வொருவரையும் மற்றவர்க்கு ஊர், கோயில், குடும்பம் ஆகிய மூன்று வழிகளில் தெரியும். பினாங்கில் 1857இலும் சிங்கப்பூரின் டேங்க் சாலையில் 1859இலும் எழுந்த தண்டாயுதபாணி கோயில்கள் இந்தச் சமூகத்தின் நம்பிக்கைக்குக் கண்கூடான சான்றுகள். ஆனால் இதே சிறப்பே இதன் எல்லையும் ஆகும்: நகரத்தார் அல்லாத தமிழர் அங்கே வாடிக்கையாளராக நுழையலாம், விருந்தினராகத் தங்க முடியாது. 1970களில் நகரச் சீரமைப்புக்காகச் சிங்கப்பூர் அரசு அப்பகுதியை எடுத்துக்கொண்டபோது மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் இடிபட்டு, அவ்விடத்தில் உயரமான அலுவலகக் கட்டடங்கள் வந்தன.

கூலியாட்களாகச் சென்றோருக்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை, அவர்களுள் தென் திருவிதாங்கூரிலிருந்து சென்றோரும் அடங்குவர், இந்திய மண்ணிலேயே மண்டபம் என்ற ஊரில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள்கள் அடைத்து வைத்து, அம்மையும் வாந்திபேதியும் இல்லையென உறுதி செய்துகொண்ட பின்னரே கப்பலேற்றினர். இந்தத் தங்கல் கட்டணமற்றது, காவலுள்ளது, கப்பல்துறைக்கு அருகிலும் இருந்தது. மூன்று தகுதிகளும் நிறைந்த இடத்தை எவரும் விரும்பித் தங்குமிடமாகக் கருதவில்லை என்பதிலிருந்தே, இத்தகுதிகளுக்கு அடியில் சொல்லப்படாத நான்காவது ஒன்று, அதாவது விருப்பம்போல் வெளியேறும் உரிமை, இருப்பது புலனாகிறது.

இலண்டனின் கதை வேறு. ஆங்கிலேயக் கப்பல்களில் வேலை செய்த ஆசிய மாலுமிகள், லாஸ்கர் என்று அழைக்கப்பட்டவர்கள், அடுத்த கப்பல் கிடைக்கும்வரை துறைமுகத்தை ஒட்டிய இழிந்த வாடகை வீடுகளில் தங்கிப் பணத்தையும் துணியையும் பறிகொடுத்தனர், சிலர் குளிரில் தெருவில் மாண்டனர். இதைக் கண்டு சமயத் தொண்டர்களும் அதிகாரிகளும் பணம் திரட்டி, லைம்ஹவுஸ் பகுதியில் மேற்கிந்தியக் கப்பல்துறைச் சாலையில் ஆசியர், ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர் ஆகியோருக்கான அயலார் இல்லத்தை 1857இல் திறந்தனர். நாடிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபின் மகாராஜா துலீப் சிங்கும் நன்கொடையளித்தார். இல்லம் மாலுமியின் சம்பளப் பணத்தைப் பாதுகாப்பாக வைத்துக்கொண்டது, திரும்பிச் செல்லக் கப்பலும் தேடித் தந்தது, கிறித்தவத்தையும் போதித்தது. ஆங்கிலேயக் குடும்பங்களுடன் கப்பலில் குழந்தை பார்த்துக்கொண்டு சென்று இலண்டனில் கைவிடப்பட்ட இந்திய ஆயாக்களுக்கும் தனி இல்லம் ஒன்று இருந்தது. அது 1900இல் ஹாக்னி பகுதிக்கு இடம்பெயர்ந்தது. கத்தோலிக்க மாலுமிகளுக்காக 1920இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தொடங்கிய கடல் திருத்தூதுப்பணி அமைப்பு பின்னர் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் மாலுமி மையங்களை நடத்தியது. ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரில் அது தூத்துக்குடி உட்பட நம் கடற்கரைக்கும் அறிமுகமானது.

படிக்கச் சென்றவர்களே முதன்முதலில் இன்றைய பொருளில் தேர்வு செய்தவர்கள். 1888இல் இலண்டன் வந்திறங்கிய காந்தி முதலில் தங்கிய விக்டோரியா ஹோட்டல் மூன்று பவுண்டு பட்டியலை நீட்டியபோது அதிர்ந்துபோனதைத் தம் வரலாற்றில் பதிவு செய்கிறார். பின்னர் ஒரு குடும்பத்தில் பணம் கொடுத்துத் தங்கி, அதையும் விட்டுத் தனி அறைகளுக்கு மாறி, இறுதியில் வாரம் எட்டு ஷில்லிங் வாடகையில் ஒற்றை அறையும் ஓர் அடுப்புமாகச் சுருங்கினார். அறையைத் தேர்ந்தெடுக்க அவர் கைக்கொண்ட அளவுகோல்தான் இங்கு முக்கியம்: செல்ல வேண்டிய இடத்தை அரைமணி நேரத்தில் நடந்தே அடையக்கூடிய பகுதியில் அறை பார்த்தார், அதனால் வண்டிக்கூலி மிஞ்சியது. நடுவில் இருக்கும் அறையின் கூடுதல் வாடகையைப் போக்குவரத்துச் செலவுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற இந்த எளிய கூட்டல், நகரின் புறத்தே மலிவான அறை எடுத்துவிட்டு நாள்தோறும் ரயிலுக்குப் பணம் கொட்டும் இன்றைய பயணிகள் பலருக்கும் கைவராதது. இந்திய மாணவர்க்காக அவர் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது எழுதிய இலண்டன் கையேடு, சட்டைக்கும் சவரத்துக்கும் கூட விலை குறித்தது. அவர் வாழ்நாளில் அது நூலாக அச்சேறவில்லை.

1910இல் இந்தியா ஆபீஸ், அதாவது இந்தியாவை ஆண்ட ஆங்கிலேய அமைச்சகம், கிராம்வெல் சாலை 21ஆம் எண் இல்லத்தை இந்திய மாணவர்க்கான வரவேற்பு விடுதியாக்கியது. 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா ஹைகேட் பகுதியில் தொடங்கிய இந்தியா ஹவுஸ் விடுதி வ. வே. சு. ஐயர் போன்ற புரட்சியாளரின் பாசறையாகியதே இந்த அக்கறையின் பின்னணி. மாணவர்க்குப் பாதுகாப்பான இடம் என்று சொல்லப்பட்டதில் அரசுக்குப் பாதுகாப்பான இடம் என்ற பொருளும் கலந்திருந்தது. 1914 ஏப்ரல் 14 அன்று கப்பலிறங்கிய கணிதமேதை இராமானுஜன் கேம்பிரிட்ஜ் செல்லுமுன் சில நாள் தங்கியது இங்கேதான். கேம்பிரிட்ஜில் அவர் மேலங்கியையும் சால்வையையும் போர்த்தியபடி குளிரில் நடுங்கி உறங்கியதையும், கட்டிலின் மேல்விரிப்புக்குக் கீழே கம்பளிகள் செருகப்பட்டிருப்பதை அறியாததே அதற்குக் காரணம் என்பதையும் உடன் பயின்ற பி. சி. மகலனோபிஸ் பின்னர் கூறியிருக்கிறார். அயல்நாட்டுக் கட்டிலில் எப்படிப் படுப்பது என்பதைச் சொல்லித்தர ஆள் இல்லாத அறை, பூட்டும் காவலும் இருந்தாலும் முழுப் பாதுகாப்பானதாகாது.

இக்குறையை உணர்ந்து செயல்பட்ட தமிழர் சேலத்தில் 1876இல் பிறந்த கே. டி. பால். இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளராக இருந்த அவர் 1920இல் இலண்டனில் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் என்ற அமைப்பைத் தொடங்கினார். பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் நடந்து செல்லும் தொலைவிலிருந்த புளூம்ஸ்பரி பகுதியில் அது இயங்கியது. 1953 முதல் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் தனக்கென எழுப்பிய கட்டடத்தில் இருக்கிறது. கிறித்தவ நிறுவனமாயினும் எல்லாச் சமயத்தார்க்கும் அறை தந்தது, அறையுடன் இந்திய உணவும் தந்தது, அரசின் கண்காணிப்புக்கு வெளியே நின்றது. திராவிடர் இல்லத்துக்கும் இதற்கும் நான்காண்டு இடைவெளியே. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது தகும்.

உறவோ சாதியோ ஊரோ உடன்வராத பயணிக்கு நம்பிக்கையைக் காகிதத்தில் அச்சிட்டு விற்கத் தொடங்கியது ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு. ஜெர்மானியரான கார்ல் பேடெக்கர் 1840களில் தம் வழிகாட்டி நூல்களில் சிறந்தவற்றுக்கு நட்சத்திரக் குறியிட்டார்; தாமஸ் குக் நிறுவனம் 1868இல் முன்பணம் செலுத்திப் பெறும் ஹோட்டல் சீட்டுகளை வெளியிட்டு, முகம் அறியாத ஊரிலும் விலை ஏறாது என்ற உறுதியைத் தந்தது. சட்டமும் இதே காலத்தில் நுழைந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் சராய்ச் சட்டம், தங்குமனை நடத்துவோர் பதிவு செய்துகொள்ளவும், கிணற்றையும் அறைகளையும் துப்புரவாக வைக்கவும், காவலாள் அமர்த்தவும், கட்டணப் பட்டியலை எல்லோரும் காணும்படி தொங்கவிடவும் கட்டளையிட்டது. பெருந்தீ பற்றிய அச்சம் சட்டத்துக்குள் வலுவாக வந்தது மிகப் பின்னரே. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1971 கிறிஸ்துமஸ் நாளன்று ஒரு ஹோட்டல் எரிந்து 160க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும், 1980இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மற்றொரு பெரிய ஹோட்டலில் 85 பேர் இறந்த பிறகும், புகை சூழாத படிக்கட்டு, தானாக நீர் பொழியும் குழாய், அவசர வாயில் ஆகியவை பாதுகாப்பின் இலக்கணத்தில் மேலும் கண்டிப்பாக வலியுறுத்தப்பட்டன. மலிவான நடு ஊர் அறைகளுக்குப் பெயர்போன ஹாங்காங்கின் சுங்கிங் மாளிகையில், தமிழ் முஸ்லிம் வணிகர்களும் நன்கறிந்த அந்த 1961ஆம் ஆண்டுக் கட்டடத்தில், 1988இல் நேர்ந்த தீயில் ஒரு டென்மார்க் பயணி இறந்த பின்னரே அங்குள்ள சிறு விடுதிகளின் மீது கண்டிப்பு கூடியது.

இனயத்துக்கு மீண்டால், காகித நம்பிக்கையின் இந்த உலகம் அவ்வூரை எட்டியது வளைகுடாப் பயணத்தின் வழியாக. 1973இல் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் வேலை பெருகியபோது வாயில் பம்பாயாக இருந்தது. நேர்முகத்துக்கும் மருத்துவச் சோதனைக்கும் விசாவுக்குமாக வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த தென்னாட்டு இளைஞர், புகைவண்டி நிலையத்தைச் சூழ்ந்த லாட்ஜுகளின் பொதுக்கூடங்களில் கட்டிலுக்கு இவ்வளவு என்று கொடுத்துத் தங்கினர். இதே நகரில் கோவாக் கத்தோலிக்கர் நூறாண்டுக்கும் மேலாக வேறொரு முறையைக் கையாண்டனர். கூட் எனப்பட்ட ஊர் மன்றம் அது. கோவாவின் பல ஊர்கள் ஒவ்வொன்றும் பம்பாயின் தோபி தலாவ் போன்ற நடுப்பகுதியில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, கப்பல் வேலைக்குச் செல்லும் தன் ஊராருக்கு மிகச் சிறு தொகைக்குப் படுக்க இடமும் பெட்டி வைக்க இடமும் தந்தது. பாதுகாவலர் புனிதரின் பீடமும் மாலைச் செபமாலையும் அங்கே கட்டாயம். அமைப்பில் கிட்டங்கிக்கு மிக நெருங்கியது, சமயத்தில் குமரிக் கரைக்கு மிக நெருங்கியது. ஆயினும் குமரிக் கடற்கரையார் அத்தகைய மன்றங்களைப் பம்பாயில் நிலைநாட்டியதாகத் தெரியவில்லை. அவர்கள் பம்பாயைக் கடந்து போகும் வழியாகக் கொண்டனரே தவிர, கோவா மாலுமிகளைப் போல ஆண்டுதோறும் திரும்பி வந்து கப்பலுக்குக் காத்திருக்கும் துறையாகக் கொள்ளவில்லை என்பது ஒரு காரணமாகலாம்.

வளைகுடாவிலோ ஏற்பாடு மீண்டும் உறவின் கைக்கு வந்தது. துபாயின் தேரா, பஹ்ரைனின் மனாமா போன்ற பழைய நகரப் பகுதிகளில் ஒரு வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து, அறைக்கு அறை இரட்டைக் கட்டில்களை நிறுத்தி, கட்டிலளவு இடத்தை மாத வாடகைக்கு விடும் பெட்ஸ்பேஸ் முறை வழங்குகிறது. புதிதாக வருபவர் விமானமிறங்குமுன்பே எந்த அறையில் எந்தக் கட்டில் என்பது பெரும்பாலும் ஊர்க்காரர் வழியே முடிவாகியிருக்கும். மீன்பிடிக்கச் செல்வோர் நிலை இன்னும் நெருக்கமானது. கஃபீல் எனப்படும் பொறுப்பாளரான உள்ளூர் முதலாளியின் விசைப்படகே அவர்களுக்குத் தொழிலிடமும் உறைவிடமும். வாரக்கணக்கில் கரை திரும்பாத தங்குகடல் தொழிலில் சொந்த நாட்டிலேயே பழகியவர்கள் என்பதால் அதை அவர்கள் பெரிய குறையாகச் சொல்வதில்லை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றால் விமானங்கள் நின்றபோது ஈரானின் துறைமுகங்களில் சிக்கிய குமரி மீனவர் பலர் மாதக்கணக்கில் படகுகளிலும் நெருக்கமான அறைகளிலும் காத்திருந்தனர். இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறையிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியை அடைந்தது.

இதற்கு நான்காண்டு முன்பு, 2016 ஜூலையில், இனயத்திலேயே பெரும் சரக்குப்பெட்டகத் துறைமுகம் அமைக்க நடுவணமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்ததும், கடற்கரை மக்கள் கடுமையாக எதிர்த்ததும், திட்டம் பின்னர் கன்னியாகுமரிக்கு அருகே இடம் மாற்றப்பட்டதும் தனி ஆய்வுக்குரியவை. அத்துறைமுகம் எழுந்திருந்தால் பிறநாட்டு மாலுமிகள் இனயத்தில் அறை தேடியிருப்பார்கள்.

இன்று இனயத்திலிருந்து சுற்றுலாவாகவோ படிப்புக்காகவோ அயல்நாடு செல்ல விரும்பும் இளைஞர் கைப்பேசியில் அறைகளைப் பார்த்து, முன்பின் அறியாதோர் எழுதிய மதிப்புரைகளைப் படித்து முடிவெடுக்கலாம். சிங்கப்பூரானால் சிராங்கூன் சாலையையும், பாரிஸானால் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா ஷாப்பல் பகுதியையும் தேடுவது தமிழர்களிடையே பரவலான பழக்கம், நகரசபை வரைபடத்தில் நடு எதுவாக இருந்தாலும் சோறும் பேச்சும் கிடைக்கும் இடமே அவர்களுக்கு நடு. ஆனால் தேர்வு முழுவதும் அந்த இளைஞருடையதன்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான குறுகியகால விசாவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் எங்கே தங்கப்போகிறார் என்பதற்கான சான்றைப் புறப்படுமுன்பே தூதரகத்தில் காட்ட வேண்டும். ஆகவே பலர் முதலில் பதிவு செய்யும் அறை, விசா அலுவலர் பார்ப்பதற்கான அறையே. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் பிரான்சு நாடு வேறோர் ஆவணத்தைக் கேட்கிறது. அங்கே வாழும் உறவினர் தம் வீட்டின் பரப்பையும் வருமானத்தையும் காட்டி, வருபவரை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுத்து, உரிய கட்டணத்தையும் செலுத்தி, நகரத்தந்தை அலுவலகத்தின் முத்திரையைப் பெற்று அனுப்ப வேண்டும். அந்த ஒரு தாள் தூதரகத்தின் கணக்கில் ஹோட்டல் முன்பதிவுக்கு ஈடாகக் கொள்ளப்படுகிறது.